சலவை இயந்திரத்துக்குள் ஒரு பல் டாக்டர்

குருவியின் கீபோர்டு கெட்டுப்போன அன்று, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குருவி என்பது சின்ன வயதில் விழுந்த பெயர். வாய் ஓயாது; வாய் ஓய்ந்தால் விரல் ஓயாது. வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். பெரிய இலக்கியம் எதுவும் இல்லை. துணி துவைக்கிற இயந்திரம், ஃப்ரிட்ஜ், இஸ்திரிப்பெட்டி இவற்றோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார்களே, அதைத் தமிழில் எழுதுகிறவள் அவள்தான். 'இயந்திரம் ஓடவில்லையா? முதலில் மின் இணைப்பைச் சரிபார்க்கவும்' என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, 'கதவை இறுக மூடவும்' என்று அடித்தாள். நிமிர்ந்து பார்த்தால் அந்த வரிக்குப் பின்னால் 'லலலல' என்று யாரோ குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அழித்தாள். 'ங்க' என்றது. அதையும் அழித்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு 'ம்ம்' என்றது, யாருக்கோ சம்மதம் சொல்கிற மாதிரி.

வேறு யாராக இருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும். குருவிக்கு வாயெல்லாம் பல். கடைத்தெரு மூலைக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கீபோர்டின்மேல் அவள் வெகுநாளாகக் கண் வைத்திருந்தாள். ஒவ்வொரு பட்டனையும் அமுக்கும்போது, மடியில் படுத்த பூனை தொண்டைக்குள்ளே உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கடைக்காரர் அவளைக் கண்டாலே அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு கிளம்பிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் கணவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, கீபோர்டு செத்துப்போச்சு."

"சாகவெல்லாம் சாகாது. முதல்ல பாத்துடுவோம்," என்றார் அவர்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். 'கெட்டுப்போச்சு' என்று யாராவது சொன்னால், தன்னைத் திட்டின மாதிரி முகம் சுண்டிப்போகும். அந்த வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாகச் செத்ததில்லை. கூடத்து விளக்குக்கு ஸ்விட்ச் போனபோது பழைய லிஃப்ட் பட்டனைப் பொருத்திவிட்டார். விளக்கைப் போட மேல் அம்பு, அணைக்கக் கீழ் அம்பு. புதிதாக வருகிறவர்கள் மேல் அம்பை அழுத்திவிட்டு, வீடு கிளம்பிவிடுமோ என்று சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு தடவைதான் அவர் மறுபேச்சில்லாமல் ஒரு பொருளை மாற்றியிருக்கிறார். அதுவும் கீபோர்டுதான். போன வருஷம் குருவி, "எழுத்தெல்லாம் மங்கிப்போச்சு, கண்ணு வலிக்குது," என்று லேசாக முனகினாள். மறுநாளே இப்போது இருக்கிற கீபோர்டு வந்து இறங்கியது. பழசு எங்கே என்றதற்கு, "தூக்கிப் போட்டாச்சு," என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டார். இந்த மனுஷனா என்று குருவி அன்று முழுக்க அசந்துபோயிருந்தாள். அந்த அதிசயம் இன்னொரு தடவை நடக்கும் என்று நம்பித்தான் இப்போது வாசலிலேயே மடக்கினாள். நடக்கவில்லை.

லிஃப்ட்காரர் முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிறகு கீபோர்டின் பேட்டரியை மாற்றினார். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினார். பிஸ்கட் தூள் கொட்டியது. ஒரு வெட்டின நகம், ஒரு தோட்டின் திருகாணி, என்னவென்றே சொல்ல முடியாத ஒரு உருண்டை.

"இது என்னோட திருகாணி! இதைத் தேடித்தான் கட்டிலையே நகர்த்தினோம்!"

"பாத்தியா? புதுசு வாங்கியிருந்தா இது கிடைச்சிருக்குமா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்டனாகக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, துண்டில் காயவைத்து, மறுபடி பொருத்தினார். பொருத்தும்போது நவும் மவும் இடம் மாறிவிட்டன. குருவி கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பவள், அவளுக்கு ஒன்றும் இல்லை. லிஃப்ட்காரர்தான் சோதித்துப் பார்ப்பதற்காக 'அம்மா' என்று அடித்து, திரையில் 'அந்நா' என்று வந்ததைப் பார்த்து, "ஓஹோ, கோளாறு பெருசுதான்," என்று தலையைச் சொறிந்தார்.

மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அங்க என்ன சத்தம்? கொத்துவேலை நடக்குதா?"

அது பெரிய டீச்சர். லிஃப்ட்காரரின் கூடப்பிறந்த அக்கா. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மாடியில் அவருடைய படிப்பறை சரியாகக் குருவியின் வேலை அறைக்கு மேலே. அந்த அறைக்குள் யாரையும் விடமாட்டார். ஆனால் வாரத்துக்கு ஒரு தரமாவது கீழே வந்து, குருவி எழுதினதை வாங்கிப் பார்த்து, "அஃதாவது, இங்க ஒற்று வரணும்மா. சலவைத் தூளும் தமிழ்தானே?" என்று திருத்திவிட்டுப் போவார். அவருக்கு எந்த வாக்கியமும் 'அஃதாவது' இல்லாமல் நகராது.

"ஒண்ணுமில்லக்கா, கீபோர்டு!" என்று கத்தினார் தம்பி.

 மேலே சட்டென்று கதவு சாத்துகிற சத்தம்.

கழுவின கீபோர்டு அடுத்த நாள் ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது. அதற்கடுத்த நாளும் காலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. குருவிக்கு வயிற்றெரிச்சல். சலவை இயந்திரப் புத்தகத்தை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் பகுதியை அடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து ஓடினாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. துடைத்துவிட்டுத் திரும்பி வந்தவள் மிச்சத்தை மளமளவென்று முடித்து, ஒரு தரம்கூடத் திரும்பிப் படிக்காமல் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பின பிறகு ஃப்ரிட்ஜ் புத்தகத்தைத் திறந்தாள். முதல் வரியிலேயே 'தந்த வேர்' என்று தானாக வந்து நின்றது.

"ஃப்ரிட்ஜ்ல ஏதுங்க தந்தம்? யானையையா உள்ள வைக்கப் போறாங்க?" என்றாள் சாயங்காலம்.

லிஃப்ட்காரர் மூக்கைத் தடவினார். "நாளைக்கு நான் இதை வேலைக்குக் கொண்டுபோறேன். அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாத்தான் கோளாறு இதுலயா, உன் கம்ப்யூட்டர்லயான்னு தெரியும்."

அப்படித்தான் அடுத்த நாள் மத்தியானம் குருவி கீபோர்டே இல்லாத மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் மௌஸ் மட்டும். அடிக்க முடியாது, முன்னால் அடித்ததைப் படிக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்திருந்தாள். காப்பி டம்ளரை எடுத்து வாயில் வைத்தபோது, திரையில் எழுத்துகள் வர ஆரம்பித்தன.

*வாயைத் திறங்கள் என்றார் டாக்டர்.*

காப்பி மேஜையெல்லாம் தெறித்தது. குருவி எழுந்து நின்றாள். தொட ஒரு கீபோர்டு இல்லை. அது பேருந்து ஏறி ஊரின் அந்தக் கோடிக்குப் போயிருக்கிறது. ஆனால் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, விரல் தேடித் தேடி அடிக்கிற வேகத்தில் வந்துகொண்டே இருந்தது.

*அவள் திறந்தாள். சொல்ல நினைத்த சொல் மட்டும் வெளியே வரவில்லை.*

குருவி மேஜையை விட்டு இரண்டடி பின்வாங்கினாள். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். வீட்டுக்குள் பேய் வந்தால் அது அழும், கதவைத் தட்டும். பல் டாக்டர்கிட்டே போகிற பேயை யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா?

*அஃதாவது, டாக்டரின் கையிலிருந்த சின்னக் கண்ணாடி அவள் வாய்க்குள் இருந்தது.*

குருவி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். பயம் போன இடம் தெரியவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். மேலே நாற்காலி கிறீச்சிட்டது. எழுத்து நின்றது. நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. எழுத்து வந்தது.

சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது என்று போனை எடுத்து மாடிக்கு அடித்தாள். மேலே மணி ஒலித்தது. டாக்டர் ஊசியை எடுத்தவர் அப்படியே பாதி வாக்கியத்தில் நின்றார்.

"யாரு?" என்றது பெரிய டீச்சரின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்க.

"நான்தான் அண்ணி. சும்மாதான். என்ன பண்றீங்க?"

"துணி மடிச்சிட்டிருக்கேன். வை."

போனை வைத்ததும் டாக்டர் ஊசியைப் போட்டார்.

குருவி மௌஸைப் பிடித்துக் கம்ப்யூட்டரின் செட்டிங்கைத் திறந்தாள். எதற்கெல்லாமோ வழிமுறை எழுதினவள், தன் கம்ப்யூட்டரில் என்னென்ன இணைந்திருக்கிறது என்று இதுவரை பார்த்ததே இல்லை. அங்கே இரண்டு கீபோர்டு இருந்தது. ஒன்று கணவனோடு வேலைக்குப் போனது. அதன் பக்கத்தில் 'இணைப்பில் இல்லை' என்று போட்டிருந்தது. இன்னொன்று போன வருஷம் 'தூக்கிப் போட்ட' பழைய கீபோர்டு. அதன் பக்கத்தில் 'இணைப்பில் உள்ளது'.

அப்போது எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. அந்தப் பழைய கீபோர்டின் மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னதாக மூன்று பட்டன் உண்டு. ஒன்றை அமுக்கினால் ஒரு கம்ப்யூட்டர், இரண்டை அமுக்கினால் வேறொன்று. ஒன்று என்றால் குருவியின் கம்ப்யூட்டர். அந்த உறவை யாரும் முறிக்கவே இல்லை. பெரிய டீச்சர் தன் டேப்லெட்டை இரண்டில் இணைத்திருப்பார். எழுதுகிற வேகத்தில் விரல் தவறி ஒன்றில் பட்டால் போதும், பல் டாக்டர் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே குதித்துவிடுவார். டீச்சருக்கோ பட்டனைப் பார்த்துப் பார்த்து அடிக்கிற பழக்கம். திரையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அரைப் பக்கம் போய்விடும்.

போன வருஷம் டீச்சரின் பிறந்தநாளுக்குத் தம்பி ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தார் என்று அந்தம்மா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டதும் குருவிக்கு ஞாபகம் வந்தது. மங்கின எழுத்துக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி, துடைத்து, பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மறுபேச்சில்லாத அந்த அதிசயத்துக்குக் காரணம் இதுதானா!

"அட கேடி லிஃப்ட்காரா," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் கேடி கீபோர்டோடு வந்தார். "அங்க எல்லாரும் அடிச்சுப் பாத்தாச்சு. ஒரு குறையும் இல்ல. எனக்கே ஒண்ணும் புரியல." அவர் குரல் தாழ்ந்தது. தோல்வியை ஒப்புக்கொள்வது அவருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. "சரி விடு. ஆசைப்பட்டியே, அந்தப் புதுசையே வாங்கிடலாம்."

"வேணாம்!" என்றாள் குருவி.

"என்னது?"

"இதுவே நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வீணா?"

லிஃப்ட்காரர் அவள் நெற்றியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.

அன்றிலிருந்து குருவிக்கு மத்தியானம் எப்போது வரும் என்று இருந்தது. சாப்பாடு முடிந்ததும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் ஒரு சொல்தான் விழும். சில நாள் ஒன்றும் இல்லை, மேலே டீச்சரின் விரல் சரியாகப் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சாப்பிட்டது செரிக்காது. அதிர்ஷ்டம் இருக்கிற நாளில் முழுசாக ஒரு காட்சி வரும். கதாநாயகி ஒரு வங்கிக் காசாளர், கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். பல்லில் எந்தக் குறையும் இல்லாமலே பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தாள். டாக்டருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டிருந்தார். குருவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படித்தாள். பெரிய டீச்சருக்குள்ளே இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளா!

இடையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. புத்தகங்களைச் சரிபார்க்கிற அம்மாள். சிரிக்கிற வழக்கம் இல்லாதவர்.

"சலவை இயந்திரம் பத்திப் பேசணும். 'நுரை அதிகமாக வந்தால்' பகுதியை எடுங்க."

குருவி எடுத்தாள்.  'நுரை அதிகமாக வந்தால் இயந்திரத்தை நிறுத்தவும்' என்ற வரிக்குக் கீழே இப்படி இருந்தது: 'டாக்டருடைய வெள்ளைக் கோட்டின் பொத்தான் ஒன்று அறுந்து தொங்குவதைக் கண்டாள். தைத்துத் தரட்டுமா என்று கேட்க மனம் துடித்தது. நாக்கோ மரத்துப் போயிருந்தது. பிறகு தண்ணீரை வடித்துவிடவும்.'

"அம்மா, அது... தவறுதலா... வேற ஒரு வேலை..."

"தவறுன்னு எனக்கும் தெரியுது. இந்த மாடல்ல டாக்டர் வர்றதில்ல."  பிறகு குரல் இறங்கியது. "நாக்குச் சரியான பிறகு அந்தப் பொண்ணு பொத்தான் பத்திக் கேட்டாளா, இல்லையா?"

"இன்னும் தெரியலைங்கம்மா. வந்ததும் சொல்றேன்."

"சொல்லுங்க," என்று போனை வைத்தார் அந்த அம்மாள்.

எல்லாம் தேனாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் இந்த வரிகள் வரும்வரை:

*கீழ்வீட்டில் அவளுடைய தம்பி மனைவி ஒருத்தி. பேச்சை நிறுத்தினால் விரலால் தட்டுவாள். தட்டுவதை நிறுத்தினால் பேசுவாள். ஒரு மரங்கொத்திக்கு மனுஷி வேஷம் போட்டு விட்டது போல இருப்பாள்.*

குருவிக்குக் காது மடல் சிவந்தது. "மரங்கொத்தியா? நானா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள்.  மரங்கொத்தி அந்தக் காட்சி முழுக்க வந்தாள். டாக்டர் கதாநாயகியைத் தேடி முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார், மனதில் உள்ளதைச் சொல்ல வாயெடுக்கிறார். அப்போதெல்லாம் மரங்கொத்தி ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்து, வானிலையைப் பற்றிப் பேசுகிறாள். கடைசியில் ஒரு வழியாக அவர் வாசற்படியில் நின்று சொல்லிவிடுகிறார். அந்த இடத்தை டீச்சர் எழுதியிருந்த அழகில் குருவிக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, மரங்கொத்திக்காகக் கோபப்பட்டாள். அந்த அத்தியாயம் ஒரு எழுத்து விடாமல் அப்படியே அவள் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

அடுத்து வந்த லீவு நாளில் பெரிய டீச்சர் கீழே இறங்கி வந்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, நீ வாங்கிக் குடுத்த கீபோர்டு சரியில்லடா. எழுத்தை முழுங்குது."

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "புதுசாச்சேக்கா அது," என்று மென்று விழுங்கினார்.

"நான் பழசுன்னு சொன்னேனா? முழுங்குதுன்னு சொன்னேன்."

குருவி வாயை மூடிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே மாடி ஏறினாள். கதவு எப்போதும் சாத்தியிருந்த படிப்பறை அன்றுதான் அவளுக்குத் திறந்தது. ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் டேப்லெட், அதன் முன்னால் அவளுடைய பழைய கீபோர்டு. புது ஸ்டிக்கர் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. லிஃப்ட்காரர் அவளுக்கு முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு நின்றார்.

அவர் அங்கேயும் தன் வித்தையை ஆரம்பித்தார். பேட்டரியை மாற்றினார். கவிழ்த்துத் தட்டினார், டீச்சர் வீட்டுக் கீபோர்டிலிருந்து ஒரு தூசிகூட விழவில்லை. டேப்லெட்டை அணைத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரியா விழுதேக்கா."

பெரிய டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உருவம் சட்டென்று சின்னதாகத் தெரிந்தது.

"அப்ப தப்பு அதுல இல்ல. என்கிட்டதான்," என்றார். "பக்கம் பக்கமா எழுதின மாதிரியே இருக்குடா. ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கற மாதிரி இருக்கு. நிமிர்ந்து பாத்தா வெறும் பக்கம். அஃதாவது... எழுதலேன்னுதானே அர்த்தம்? எனக்கு மறதி வந்துருச்சோ என்னமோ. டாக்டர்கிட்ட காட்டிடலாமான்னு இருக்கேன்."

லிஃப்ட்காரர் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார். குருவிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் தின்ற மிட்டாய் முழுசும் ஒரே நேரத்தில் கசந்த மாதிரி இருந்தது. தான் கீழே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரசித்த ஒவ்வொரு மத்தியானமும், மேலே இந்த அம்மாள் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு மறதியும் இல்ல," என்றாள். "ஏங்க, நீங்க கீழ போங்க. என் கம்ப்யூட்டரைப் போட்டு, வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் திறந்துட்டு, திரையைப் பாத்துக்கிட்டே இருங்க."

"எதுக்கு?"

"போங்கன்னா போங்களேன்."

அவர் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் கிளம்புகிறவரை பொறுத்திருந்துவிட்டு, குருவி பழைய கீபோர்டின் மேல் வரிசையில் ஒன்று என்ற பட்டனை அமுக்கினாள். பிறகு மளமளவென்று அடித்தாள். டேப்லெட்டில் ஒரு எழுத்தும் விழவில்லை. டீச்சர் எட்டிப் பார்த்தார். "இதேதான்! இதேதான் நடக்குது!"

கீழேயிருந்து "ஐயோ!" என்று ஒரு அலறல். மாடிப்படி அதிர, லிஃப்ட்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "'பழைய கீபோர்டைப் புதுசுன்னு அக்காவுக்குக் குடுத்த ஆளை எனக்குத் தெரியும்'னு தானா எழுதுது!" என்று கத்தினவர், கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தார்.

"பழைய கீபோர்டா?" என்றார் பெரிய டீச்சர். அது பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். மறதியாவது மண்ணாவது, அம்மாளுக்கு உயிர் திரும்பிவிட்டது. "தெரு முழுக்கச் சொன்னேனேடா! என் தம்பி புதுசா வாங்கிக் குடுத்தான்னு!"

"ஸ்டிக்கர் புதுசுக்கா..."

அந்த விசாரணை நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, குருவி கீழே போனாள். விழுந்ததையெல்லாம் சேர்த்து டீச்சருக்கு அனுப்ப வேண்டும். அதுதான் நியாயம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கினாள். அனுப்புகிற பொத்தானுக்கு மேல் அம்புக்குறி வந்து நின்றது. அப்போது கண்ணில் அந்த மரங்கொத்தி பட்டாள். குருவி கதவைத் திரும்பிப் பார்த்தாள். மேலே லிஃப்ட்காரர் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். விரல் சும்மா இருக்கவில்லை. சில வரிதான். மாற்றி, அனுப்பிவிட்டு, பால் குடித்த பூனை மாதிரி மறுபடி மாடிக்குப் போனாள்.

டீச்சர் டேப்லெட்டைக் கையில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். தொலைந்த அத்தியாயம் கிடைத்ததில் முகம் மலர்ந்து, பிறகு இதெல்லாம் எங்கிருந்து கிடைத்தது என்று உறைத்து, கழுத்து வரைக்கும் சிவந்தது.

"எல்லாத்தையும் படிச்சிட்டியா?"

"சலவை இயந்திரத்துல ஆரம்பிச்சேன் அண்ணி. இப்ப ஃப்ரிட்ஜ் முடியப்போகுது."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"கம்பெனியில ஒரு அம்மாவுக்கு. அவங்களுக்குப் பொத்தானைத் தைச்சுக் குடுத்தாளான்னு தெரியணுமாம்."

டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இணையத்தில் ஒரு கதைத் தளத்தில் ஓர் ஆணின் பேரில் கொஞ்ச நாளாகத் தொடர் எழுதுவதாகவும், வாரா வாரம் வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்றும், இதைத் தெருவில் யாரிடமாவது சொன்னால் முட்டிக்கு முட்டி தட்டுவேன் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். லிஃப்ட்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

பிறகு டீச்சர் மேலே படித்தார். ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார்.

"'கீழ்வீட்டில் அவளுடைய தம்பி மனைவி ஒருத்தி. அறிவும் அழகும் ஒருங்கே வாய்த்தவள். அவள் பேசினால் நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.'" டேப்லெட்டை இறக்கினார். "இது நான் எழுதினதில்ல."

"எப்படிச் சொல்றீங்க அண்ணி? இலக்கணம் சரியாத்தானே இருக்கு?"

"இலக்கணம் சரியா இருக்கு. தகவல்தான் தப்பா இருக்கு."

லிஃப்ட்காரர் மாட்டிக்கொண்ட பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். குருவி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நீ சிரிக்காதே," என்றார் அக்கா. "இப்பவே கடைக்குப் போ. எனக்குப் புதுக் கீபோர்டு வேணும். பெட்டியைக் கடைக்காரன்தான் ஒட்டியிருக்கணும், நீ ஒட்டக் கூடாது. எது நல்ல கீபோர்டுன்னு உன் பொண்டாட்டிக்குத் தெரியும், கேட்டுக்கோ."

வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல பொருளைப் பற்றிக் கேட்டால் குருவிக்குப் பொய் வராது. மூலைக்கடை, கண்ணாடிக்குப் பின்னால், பூனை உறுமுகிற மாதிரி சத்தம் என்று அங்குலம் அங்குலமாக வர்ணித்துவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலமே அது வந்து மாடி ஏறியது. பழைய கீபோர்டின் பழைய உறவை லிஃப்ட்காரர் அவள் கம்ப்யூட்டரிலிருந்து முறித்துவிட்டார். ஸ்டிக்கரோடு அது கீழே வந்து, "அவசரத்துக்கு இருக்கட்டும்," என்று அலமாரிக்குள் போனது. குருவியின் கீபோர்டுக்கு எந்தக் குறையும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டதால், அவளுக்கு நவும் மவும் இடம் மாறின அதேதான்.

மத்தியானங்கள் வெறிச்சோடிப் போயின. திரையில் அவள் அடித்தது மட்டும்தான் வந்தது. மேலேயிருந்து மெல்லிசாக உறுமல் கேட்கும். 'கதவைத் திறந்தே வைக்க வேண்டாம்' என்று அடித்துவிட்டு, குருவி கொஞ்ச நேரம் காத்திருப்பாள். யாரும் வரமாட்டார்கள்.

தொடரின் அடுத்த பகுதி வெளியானதும் அவளும் மற்றவர்களைப் போலத் தளத்துக்குப் போய்த்தான் படித்தாள். பொத்தான் தைத்தாகிவிட்டது. டாக்டர் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. கீழ்வீட்டு மரங்கொத்திக்குத் திடீரென்று பல்வலி. அடுத்தவர் எழுதியதில் கை வைத்த நாளிலிருந்து அந்த வலி ஆரம்பித்ததாம். டாக்டர் நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்கிறார். மரங்கொத்தி முதல் முறையாகப் பேச முடியாமல் கிடக்கிறாள். ஊரே நிம்மதியாக மூச்சு விடுகிறது. டாக்டர் பல் பிடுங்குகிற இடுக்கியைக் கையில் எடுக்கிறார். தொடரும்.

குருவி இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினாள். கதவைத் தட்டவில்லை, அது திறந்தேதான் இருந்தது.

"அண்ணி, எந்தப் பல்லு?"

பெரிய டீச்சர் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் முடிவு பண்ணல. முன்பல்லுன்னு நினைச்சிட்டிருக்கேன்."

"முன்பல்லா? பேசினா காத்து போகுமே!"

"அதுக்குத்தான்."

குருவி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "கடைவாய்ப் பல்லு வச்சுக்கோங்க. வெளிய தெரியாது. பதிலுக்கு, டாக்டர் அவளைப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"'இவ்வளவு உறுதியான பல்லை நான் பாத்ததே இல்லை'ன்னு."

டீச்சர் யோசித்தார். "'உறுதியான தாடை'ன்னு வேணா போடறேன். அஃதாவது, ஓயாம அசையறதால வந்த உறுதி."

"அண்ணி!"

"சரி, சரி. தள்ளி உக்காரு, கை இடிக்குது," என்று சொல்லிவிட்டு, பெரிய டீச்சர் அந்த இடுக்கியை டாக்டரின் கையில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்.